ஜூலை மழையில் ஒரு மெனிக்கே கேக்: யோசனை சொல்லுங்கள்

சின்னவன் அம்மா, கொட்டகலை:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை என் சின்ன மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வைக்கப் போகிறோம். கேக்கை இந்த முறை வீட்டிலேயே செய்வதாக முடிவு. டவுனில் விசாரித்தேன், உருவம் வைத்த கேக் என்றால் நம்மால் முடியாத விலை சொல்கிறார்கள். போன வருஷம் அக்கா மகளுக்கு ஓரிடத்தில் சொல்லிச் செய்த பொம்மைக் கேக், வீட்டுக்கு வந்து சேரும்போதே மூக்குக் கழன்று கிடந்தது. பிள்ளை அன்று அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

சின்னவன் கேட்பது டீவியில் வருகிற கார்ட்டூன் எதுவும் இல்லை. பொடி மெனிக்கே ரயில்! எங்கள் லயத்துக்கு மேலே ரோட்டுத் திருப்பத்தில் நின்றால் ரயில் பாதை நன்றாகத் தெரியும். அவன் அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, அந்த ரயிலில் வந்துதான் ஹட்டனில் இறங்குவார். மெனிக்கேக்குக் கண், புருவம், வாய் எல்லாம் உண்டு என்று அவனே வைத்துக்கொண்டு, கொப்பி முழுக்கக் கீறி வைத்திருக்கிறான். ரயில் பிந்தி வந்தால் புருவம் கீழே இறங்கிவிடும். அப்பா வருகிற நாளில் வாய் காது வரைக்கும் போகும். அந்தச் சிரிக்கிற மெனிக்கேதான் கேக்காக வேண்டுமாம்.

என்னிடம் இருப்பது மேசையில் வைக்கிற சின்ன கரன்ட் ஓவன், இரண்டு நீளப் பாண் தட்டு, கையில் பிடிக்கிற பீட்டர். பட்டர் கேக் செய்வேன், ருசி நன்றாக இருக்கும். ஆனால் எப்போதும் நடுவில் குழி விழுகிறது. யூடியூபில் எல்லோரும் ஃபொண்டன்ட் என்கிற, மாவு போல உருட்டுகிற சீனிக் கலவையில்தான் முகம் செய்கிறார்கள். அதில் ஒரு துண்டு வாங்கி, இரவு மேசையில் வைத்துப் பார்த்தேன். காலையில் தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. எங்கள் லயம், அவன் முன்பள்ளி எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து பிள்ளைகள் வருவார்கள், பெரியவர்கள் ஒரு இருபது பேர். கடையில் வேலை செய்கிறேன், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு போடலாம். எதை எப்போது செய்வது, எவ்வளவு செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாக் காற்று, பண்டாரவளை:

ஃபொண்டன்ட் பற்றிப் பயப்பட வேண்டாம் சகோதரி. நான் ஜூலையில்தான் என் மகளுக்கு முயல் கேக் செய்தேன். முகத்தை மூன்று நாளைக்கு முன்பே செய்து, ஒரு தட்டில் திறந்தபடி வைத்துவிட்டேன், கல்லாகக் காய்ந்துவிட்டது. இங்கே பிரச்சினை வேறு: உருட்டும்போதே ஓரம் வெடிக்கும். கையில் கொஞ்சம் மரக்கறிக் கொழுப்புத் தடவிக்கொண்டு வேலை செய்தால் சரி. செய்கிற நேரத்தில் மீதியை ஈரத் துணியால் மூடி வையுங்கள்.

ஹட்டன் கேக் அக்கா:

தங்கச்சி, பண்டாரவளைக்காரர் சொன்னது அவர் ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தாது. ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுத்தான் மலையைத் தாண்டுகிறது. வட்டவளையும் ஹட்டனும் கொட்டகலையும் நனைந்துகொண்டிருக்கிற அதே கிழமையில் பண்டாரவளையில் கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கும். ஊவாவுக்கு நல்ல தேயிலைக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை என்பதும், நம்ம திம்புள்ளைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை என்பதும் இதனால்தான். ஃபொண்டன்ட் ஏறக்குறைய முழுவதும் சீனி. மூடுபனி வீட்டுக்குள் வந்துபோகிற இடத்தில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு அழும். அதனால் ஈரத் துணி போட்டு மூடுகிற யோசனையும் உங்களுக்கு வேண்டாம், ஃபொண்டன்ட்டே வேண்டாம்.

நமக்குக் குளிர் இருக்கிறது. குளிருக்குப் பிடித்த சாமான் சொக்லேட். கொழும்பில் சொக்லேட்டில் முகம் செய்தால் ஏசி அறை தேடி ஓட வேண்டும். இங்கே மேசையில் வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் இறுகிவிடும். ஆகவே முகம் சொக்லேட்டில், உடம்பு பட்டர் ஐசிங்கில். நான் வீட்டில் கேக் செய்து விற்பவள். மழைக் காலத்தில் யார் வந்து உருவக் கேக் கேட்டாலும் இதைத்தான் செய்கிறேன்.

இப்போது முகம். இதில்தான் முழுக் கவனமும் வேண்டும், மற்றதெல்லாம் பெட்டி பெட்டியாக வெட்டி அடுக்குகிற வேலை. பார்க்கிற பிள்ளை முதலில் கண்ணைப் பார்க்கும், பிறகு வாயைப் பார்க்கும், அதற்கு மேல் ரயிலுக்கு எத்தனை ஜன்னல் என்று எண்ணாது. நீங்களாக ஒரு அழகான முகம் கீறப் போக வேண்டாம். சின்னவனின் கொப்பியில் எந்தச் சிரிப்பு அவனுக்கு அதிகம் பிடிக்கும் என்று கேட்டு, அந்தப் பக்கத்தையே எடுங்கள். அவன் கீறினபடி ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் இருந்தால் அப்படியே இருக்கட்டும். அது அவனுடைய மெனிக்கே. திருத்தினால் வேறு யாரோ ஆகிவிடும்.

அந்தக் கோட்டை ஒரு மெல்லிய தாளில் பேனையால் ஒற்றி எடுங்கள். முகம் எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வேண்டாம், தேவையென்றால் ஃபோட்டோ கொப்பிக் கடையில் கொடுத்து அளவு மாற்றிக்கொள்ளலாம். தாளைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் கேக் தட்டுக்குப் போடுகிற எண்ணெய்த் தாளை வைத்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். திருப்பிப் போட மறக்கக்கூடாது, கடைசியில் பார்க்கப் போவது தாளோடு ஒட்டியிருக்கிற பக்கத்தைத்தான். கறுப்புக் குக்கிங் சொக்லேட்டை உருக்கி, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, முனையை ஊசி மொத்தத்துக்கு மட்டும் வெட்டி, கோடுகளின் மேல் இழுத்துக்கொண்டு போங்கள். கண்ணுக்குள் வைக்கிற வெள்ளைப் பொட்டு இருக்கிறதே, அதைக் கறுவிழிக்கு முன்னாடி வைக்க வேண்டும், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் பார்வை செத்துப்போகும். பொட்டு இறுகியதும் கறுவிழி, பிறகு கண்ணின் வெள்ளை. எல்லாம் இறுகின பிறகு முழு முகத்தையும் வெள்ளைச் சொக்லேட்டால் நிரப்புங்கள், அரை சென்டிமீட்டர் மொத்தம் இருந்தால் உடையாது. மேலே ஊற்றுகிற சொக்லேட் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழே போட்ட கோடு கரைந்துவிடும்.

சொக்லேட்டை நேரே அடுப்பில் வைக்காதீர்கள். சுடுதண்ணிப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தால் போதும், மணல் மணலாகத் திரிந்துவிடும். இறுகிய முகத்தை ஃப்ரிட்ஜில் வைக்கவும் கூடாது. வெளியே எடுத்ததும் அதன் மேல் வேர்க்கும். மூடி உள்ள டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் இதை ஒரு கிழமை முன்பே செய்துவிடலாம். ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வையுங்கள்.

குழி விழுகிறதைப் பற்றி. உங்கள் கையில் பிழை இல்லை, புத்தகத்தில் இருக்கிற அளவு கடற்கரை ஊர்களுக்கு எழுதினது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,270 மீட்டர் உயரம், கொட்டகலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணியே 96 பாகை அளவில் கொதித்துவிடும். மாவுக்குள் இருக்கிற காற்றுக் குமிழிகள் வேகமாகப் பெருத்துக் கேக்கை மேலே தூக்கிவிடும். உள்ளே வெந்து பிடிக்கிறதற்குள் குமிழி உடைய, நடு அமுங்கிப்போகும். அதனால் ஒரு நீளத் தட்டுக்கு நான் போடுகிற அளவைத் தருகிறேன்: பட்டர் 250 கிராம், சீனி 225 கிராம், கோதுமை மா 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் மட்டம் தட்டின ஒன்றரைத் தேக்கரண்டி, பால் ஆறு மேசைக்கரண்டி, வனிலா இரண்டு தேக்கரண்டி. கீழ்நாட்டில் இதே கேக்குக்கு 250 சீனியும் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் நாலு மேசைக்கரண்டி பாலும் போடுவார்கள். ஓவன் சூடு 180. நம்ம கடைச் சீனி பரும்படியாக இருப்பதால் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். உப்புப் பட்டர் என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

ஜூலைக் குளிரில் பட்டர் தானாக இளகாது. துண்டு துண்டாக வெட்டிப் பாத்திரத்தில் போட்டு, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணியில் வைத்து எடுங்கள், உருகக் கூடாது. முட்டையையும் ஓட்டோடு பத்து நிமிஷம் அந்தத் தண்ணியில் போட்டு வையுங்கள். குளிர்ந்த முட்டையை அடித்த பட்டரில் ஊற்றினால் திரிந்துபோய்க் கேக் கனத்துவிடும். உங்கள் சின்ன ஓவனில் மேல் கம்பி கேக்குக்குக் கிட்ட இருக்கும், அதனால் அரை மணித்தியாலம் போனதும் மேலே அலுமினியத் தாள் ஒன்றைத் தளர்வாகப் போடுங்கள். ஐம்பது நிமிஷத்திலிருந்து குத்திப் பார்க்கலாம். லயத்தில் எல்லோரும் அடுப்பும் ஹீட்டரும் போடுகிற சாயங்காலத்தில் கரன்ட் இறங்கும். வெள்ளிக்கிழமை பத்து மணி போலச் சுடத் தொடங்குங்கள்.

எவ்வளவு செய்வது என்றால், ரயிலுக்கு இரண்டு நீளக் கேக் போதும்: எஞ்சின் ஒன்று, பெட்டி ஒன்று. மீதியைச் சதுரத் தட்டில் சுட்டு, முதல் நாளே துண்டு போட்டுச் சமையலறையில் வைத்துவிடுங்கள். மொத்தம் நாலு கிலோ வந்தால் ஐம்பத்தைந்து பேருக்குக் கொடுத்து, அடுத்த லயத்துக்கும் அனுப்பலாம். முழுவதையும் ரயிலாக்கப் போனால் ஐசிங்கிலேயே உங்கள் சம்பளம் போய்விடும். பிள்ளைகளும் கேக் வெட்டி முடிகிற வரை கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். எந்தப் பிள்ளைக்கும் துண்டு பத்தாமல் போகக்கூடாது தங்கச்சி, கேக்கின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது டீசல் ரயில் என்பதும் உங்களுக்கு வசதி. மூஞ்சி தட்டை, பழைய நீராவி எஞ்சினுக்குப் போல உருளை தேவையில்லை. கேக்கின் மேல் மேட்டைச் சமமாக வெட்டி, தலைகீழாகப் போட்டு, இரண்டு பக்கமும் நேராக வரும்படி சீவுங்கள். சீவின துண்டுகளைக் கொஞ்சம் ஐசிங்கோடு பிசைந்து மேலே கூரையாக அமுக்கினால் ரயிலின் உயரம் வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் இலேசாகச் சரிவாக வெட்டுங்கள், முகம் சாய்ந்து உட்காரும்.

சின்னவன் அம்மா, கொட்டகலை:

அக்கா, வாசித்துவிட்டுச் சின்னவனிடம் கொப்பியைக் கேட்டேன். அரை மணித்தியாலம் யோசித்து ஒரு பக்கத்தைத் தெரிவு செய்து தந்தான். அதில் மெனிக்கேக்கு ஒரு பல் இல்லை, அவனுக்கும் இப்போது ஒரு பல் ஆடுகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ரயில் நீல நிறமாக வேண்டும். நான் பட்டர் ஐசிங்கில் நீலம் கலந்தால் பச்சையாகிவிடுகிறது. மற்றது, அது ஆடி மாதம். எங்கள் லயத்தில் சில வீட்டில் விரதம், முட்டை தொடமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?

லயத்து வாத்தியார், தலவாக்கலை:

கேக் எனக்குத் தெரியாது தங்கச்சி, ஆனால் முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரு அறைக்குள் வைத்திருக்கத் தெரியும். மழையை நம்பி வாசலில் எதுவும் ஒழுங்கு செய்யாதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவையோ கோயில் மண்டபத்தையோ இப்போதே கேட்டு வையுங்கள். நேரம் காலை பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியட்டும். பின்னேரம் வைத்தால் மூடுபனி இறங்கி, சிறுத்தை நடமாடுகிற தோட்டப் பாதையில் பிள்ளைகள் இருட்டில் போக வேண்டிவரும்.

ரயில்தான் விஷயம் என்றால் அழைப்பிதழ் தேவையில்லை, டிக்கெட் கொடுங்கள். நம்ம ரயில்வேயின் பழைய தடித்த மட்டை டிக்கெட் ஞாபகம் இருக்குமே, அந்த அளவில் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, "ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கு" என்று போடுங்கள். வாசலில் உங்கள் வீட்டுக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு நின்று, தாள் ஓட்டை போடுகிற பன்ச்சரால் டிக்கெட்டை வெட்டட்டும். அப்பாவே கார்ட் என்றால் உங்கள் மகனுக்குக் கால் தரையில் நிற்காது.

உள்ளே நாலு ஸ்டேஷன் போதும். ஹட்டனில் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு புறப்பட வேண்டும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது அல்லவா, அதற்கு நாலு வாங்கை வரிசையாகப் போட்டு மேலே போர்வை மூடினால் பிள்ளைகள் குனிந்து ஊர்ந்து போவார்கள். உள்ளே போனதும் கூவுவார்கள், கூவட்டும், ரயிலில் போகும்போது நாமும் அதைத்தானே செய்கிறோம். தலவாக்கலையில், புதுவருஷத்துக்கு யானைக்குக் கண் வைப்பது போல, பெரிய தாளில் கீறின மெனிக்கேக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண் வைக்க வேண்டும். வட்டகொடையில் சங்கீதக் கதிரை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை வெளியே அனுப்பினால் அழும். கதிரையை மட்டும் எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள், மீதிக் கதிரையில் எல்லோரும் நெருக்கி உட்காரட்டும். கடைசி ஒரு கதிரையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதுதான் பந்தயம். நானுஓயா வந்தால் கேக்.

சாப்பாட்டுக்கு மரக்கறி ரோல்ஸ், உழுந்து வடை, தாளித்த கடலை, ஒரு வாழைப்பழம், அது தாராளம். ஜூலையில் ஐஸ்கிறீம் வேண்டாம், சூடாக மோல்ட் பால் கொடுங்கள். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கச் சொல்லி ஒரு பெரிய பிள்ளையிடம் பொறுப்புக் கொடுங்கள். கூட வருகிற கைக்குழந்தைகள் எடுத்து வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும்.

ஹட்டன் கேக் அக்கா:

வாத்தியார் சொன்ன நேரம் எனக்கும் சரியாகப் படுகிறது. காலை என்றால் கேக்கைச் சனிக்கிழமை இரவே முடித்துவிடலாம்.

நீலத்துக்கு வருகிறேன். பட்டரின் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை வரத்தான் செய்யும். முதலில் பட்டரை மட்டும் தனியாக வெள்ளை வெளேரென்று வருகிற வரை அடியுங்கள், அதற்கே ஏழெட்டு நிமிஷம் ஆகும். 250 கிராம் பட்டருக்கு 500 கிராம் ஐசிங் சீனியைச் சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நீலம் போடுமுன் ஊதா நிறத்தைப் பல்குத்தி நுனியில் தொட்டு ஒரு புள்ளி வையுங்கள், அது மஞ்சளை அடக்கும். பிறகு நீலம், தண்ணி மாதிரியான கலர் வேண்டாம், ஜெல் கலர். நீங்கள் நினைக்கிற நிறத்துக்கு ஒரு படி குறைவாக நிறுத்திவிட்டு மூடி வையுங்கள். சில மணித்தியாலத்தில் தானாகவே கருக்கும். இந்த நீல ஐசிங்கை எஞ்சினுக்கும் பெட்டிக்கும் மெல்லிசாக மட்டும் பூசுங்கள். மொத்தமாகப் பூசினால் பிள்ளைகளின் பல்லும் நாக்கும் உடுப்பும் நீலமாகும், பாவம், உடுப்புத் துவைப்பது அம்மாமார்.

குளிரில் ஐசிங் இறுகிக் கேக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். பூசும்போது பாத்திரத்தின் அடியில் வெதுவெதுப்பான துணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கலர் போடாத ஐசிங்கில் மிக மெல்லிய பூச்சு ஒன்று, உதிர்கிற தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அரை மணித்தியாலம் விட்டு, அதன் மேல் நீலம். கத்தியைச் சுடுதண்ணியில் நனைத்து, நன்றாகத் துடைத்து, ஒரே இழுப்பாக இழுத்தால் பளிங்குபோல் வரும்.

ரயில் பாதைக்கு வேஃபர் பிஸ்கட்டைச் சிலிப்பர் கட்டையாக அடுக்குங்கள், நொறுக்கின பிஸ்கட் சல்லி. பாதையின் இரண்டு பக்கமும் தேயிலை வைக்காமல் விடாதீர்கள். பச்சை ஐசிங்கை நட்சத்திர நோசிலில் போட்டு, சின்னச் சின்ன மொட்டாக, வரிசை வரிசையாக அழுத்திக்கொண்டு போனால் மலைக்காடு வந்துவிடும். நடுவில் ஒரு வரிசையை விட்டுக் காட்டினால் கொழுந்து எடுக்கிறவர்கள் நடக்கிற பாதை. இதற்குப் பச்சை கிடைப்பது கஷ்டமே இல்லை, நீலம் கெட்டுப்போன ஐசிங்கை இங்கே போட்டுவிடலாம்! சக்கரத்துக்குச் சொக்லேட் கிறீம் பிஸ்கட், ஒரு பக்கத்துக்கு நாலு. அதை ஞாயிறு காலையில் மட்டும் ஒட்டுங்கள், இரவு ஒட்டினால் விடியும்போது நமுத்து வளைந்துவிடும். முகமும் அப்படித்தான், மண்டபத்துக்குக் கொண்டுபோன பிறகு வையுங்கள். எஞ்சினும் பெட்டியும் வெவ்வேறு பலகையில் இருக்கட்டும். தோட்ட ரோட்டில் த்ரீவீலர் போகிற போக்கில் ஒரே பலகை என்றால் நடுவில் விரிசல் விழும். பலகைக்கு அடியில் ஈரத் துணி போட்டால் வழுக்காது. சீற்றில் வைக்காதீர்கள், அது சரிவு. காலடியில் மட்டமான இடத்தில் வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விரதக்காரப் பிள்ளைகளுக்கு வேறு பலகாரம் கொடுத்து ஒதுக்கிவிட வேண்டாம், அவர்களுக்கும் கேக் கொடுங்கள். ஒரு டின்பால், பட்டர் 125 கிராம், கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, பால் ஒரு டீக்கோப்பை, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. வினாகிரி ஊற்றினதும் நுரைக்கும், உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது. தட்டையும் கத்தியையும் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்கும்போது அம்மாமாரிடம் அதைச் சொல்லியும் விடுங்கள். மேலே அதே நீல ஐசிங் பூசலாம், அதில் முட்டை இல்லை. அப்போது எந்தப் பிள்ளையின் தட்டிலும் வித்தியாசம் தெரியாது.

சின்னவன் அம்மா, கொட்டகலை:

மெத்தப் பெரிய உபகாரம். வாத்தியார் சொன்ன டிக்கெட்டை மூத்தவள் வெட்டத் தொடங்கிவிட்டாள். முகமும் நேற்று இரவு செய்து பார்த்தோம், பல் இல்லாத இடம் உட்பட அச்சாக வந்திருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. மெனிக்கேயைக் கத்தியால் வெட்டக்கூடாது என்று சின்னவன் சொல்கிறான். கேக் வேண்டுமாம், வெட்டக்கூடாதாம். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அழுது புரண்டால் என்ன செய்வது?

ஹட்டன் கேக் அக்கா:

உருவக் கேக் வைக்கிற வீட்டிலெல்லாம் இது நடக்கிறது தங்கச்சி, அவன் கேட்பதும் நியாயம். அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து வெட்டவைத்து ஃபோட்டோ எடுக்காதீர்கள்.

முகத்தைக் கேக்கோடு ஒட்டிவிடாமல், பின்னால் இரண்டு சொட்டு ஐசிங் மட்டும் வைத்து நிறுத்துங்கள், மேலே நான் சொன்ன சரிவு அதைத் தாங்கிக்கொள்ளும். பல்குத்தி குத்தி நிறுத்தாதீர்கள், பிள்ளைகளின் வாய்க்குப் போகிற சாமான். மெழுகுதிரி ஊதி முடிந்ததும் அவனே தன் கையால் முகத்தைக் கழற்றி, முன்பே வைத்திருக்கிற டப்பாவில் போடட்டும். இதை அவனுக்கு முதல் நாளே சொல்லி, ஒரு தடவை செய்தும் காட்டிவிடுங்கள். முகம் கழன்ற பிறகு அது வெறும் நீலப் பெட்டி. அப்போதும் கத்தியை எஞ்சினில் வைக்காமல், பின்னால் இருக்கிற பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குங்கள். பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சின் முன்னால் போகிறது என்று வாத்தியார் பாணியில் ஒரு விசில் ஊதினால் பிள்ளைகளே கைதட்டுவார்கள். எஞ்சினை அன்று வெட்டாமலே வைத்தாலும் ஒன்றும் ஆகாது, சமையலறையில் துண்டு போட்ட கேக்தான் நிறைய இருக்குமே. பட்டர் கேக் நம்ம குளிரில் மூடி வைத்தால் நாலு நாள் தாங்கும். உங்கள் வீட்டுக்காரர் திங்கட்கிழமை ரயிலேறும்போது அதில் பாதியைக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். முதலில் எண்ணெய்த் தாள், அதற்கு மேல் அலுமினியத் தாள். கொழும்புச் சூட்டில் ஐசிங் இளகும் என்பதால் பொதிக்குள் கேக்கை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.